ஓட்டுப் போடாதவர்கள் வீட்டுக்கு

ஜெயித்தவர்கள் நன்றி சொல்ல வருவார்கள். மாலை, வேட்டு, திறந்த ஜீப்பு எல்லாம் இருக்கும். தோற்றவர்கள் வரமாட்டார்கள். ஒரு மாதத்துக்கு அந்தத் தெருப் பக்கமே தலை காட்டமாட்டார்கள்.

அவர் வருவார். தோற்ற மறுநாள் காலையிலேயே வருவார்.

நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அருப்புக்கோட்டைக்கும் எம்.ரெட்டியபட்டிக்கும் நடுவில் ஓட்டம். எங்கள் கட்சி பெரிய கட்சி இல்லை. பெரிய கட்சிக்கு நிலையான சின்னம் உண்டு. எங்களுக்குத் தேர்தலுக்குத் தேர்தல் ஒன்று தருவார்கள். ஒரு தடவை சீப்பு. ஒரு தடவை இஸ்திரிப் பெட்டி. ஜனத்துக்கு அது பழகுவதற்குள் ஓட்டு முடிந்துவிடும்.

அவர் எங்கள் ஒன்றியச் செயலாளர். கட்சியில் ஆளைப் பதவியை வைத்துத்தான் சொல்வார்கள். மாவட்டச் செயலாளர் வந்தால் 'மாவட்டம் வந்திருச்சு' என்பார்கள். இவரை 'ஒன்றியம்' என்றார்கள். நான் அக்கா என்று கூப்பிட்டேன்.

குட்டையான ஆள். பருத்திக்காட்டு வெயிலில் கறுத்த கை. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றித் தெருவைப் பார்த்துத் திருப்பி வைப்பார். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.

"வெரட்டுனா ஓடத் தோதா இருக்கணும்ல" என்றார்.

விரட்டியும் இருக்கிறார்கள். ஓடினது கிடையாது.

முதல் தடவை எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் நின்று தோற்றிருந்தார். ஓட்டு எண்ணிய மறுநாள் காலை ஆறரைக்கு ஸ்டாண்டுக்கு வந்தார்.

"தம்பி, வண்டிய எடு."

"எங்கக்கா?"

"நமக்குப் போடாத வீடுகளுக்கு."

சண்டைக்குப் போகிறார் என்று நினைத்தேன். சீட்டுக்கு அடியில் கிடந்த ஸ்பேனரை எடுத்துக் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார்.

"என்ன அது?"

"சும்மாக்கா."

"உள்ள வையி."

முதல் வீட்டில் ஒருவர் பல் துலக்கிக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் துலக்குவதை நிறுத்திவிட்டார். அக்கா செருப்பைத் திருப்பி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒங்க தெருவுல எங்களுக்கு ஓட்டு விழுகல. ஏன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"யாரு சொன்னா? நாங்க ஒங்களுக்குத்தான் போட்டோம்."

"சரிண்ணே" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. அந்த ஆள் வாயைக் கொப்பளித்தார், துண்டால் துடைத்தார், மாட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அக்கா அப்படியே இருந்தார். உள்ளேயிருந்து அந்த ஆளின் பெண்டாட்டி சத்தம் போட்டார்.

"கேக்குதுல்ல, சொல்லித் தொலைங்களேன்!"

அப்புறம் ஆரம்பித்தது. எழவுக்கு வந்தீர்களா, கண்மாய் மடை உடைந்தபோது வந்தீர்களா, ஓட்டுக்கு மட்டும் வாய் நிறைய அண்ணே என்கிறீர்களே, ஒங்க கட்சிக்காரன் ஒருத்தன் டீக்கடையில் என் மகனை என்ன சொன்னான் தெரியுமா. அரை மணி நேரம் இருக்கும். எனக்கே கை பரபரத்தது. வேறு கட்சிக்காரனாக இருந்தால் 'இல்லண்ணே, அது அப்படியில்லண்ணே' என்று நடுவில் புகுந்திருப்பான். அவர் புகவில்லை. அந்த ஆள் மூச்சு வாங்க நிறுத்தினபோது ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"வேற?"

அந்த ஆள் மறுபடியும் வைதார். வைய ஒன்றும் மிச்சமில்லாமல் போனபிறகு அவரே தணிந்து, "காப்பி குடிங்க" என்றார். குடித்தோம். அடுத்த வீட்டுக்குப் போனோம்.

அன்றைக்குப் பதினோரு வீடு. மறுநாள் அதற்கும் மேலே. பதில் என்று அவர் எங்கேயும் ஒன்றும் சொல்லவில்லை. 'அடுத்த தடவ பாத்துச் செய்ங்க' என்றுகூடக் கேட்கவில்லை. கேட்பார், கேட்டுவிட்டு எழுந்துவிடுவார். என்னால் ஒரு வசவைக்கூட அப்படித் தாங்க முடியாது. மழை பெய்கிறபோது பூமி எப்படிக் கிடக்குமோ அப்படி உட்கார்ந்திருப்பார்.

ஒரே ஒரு இடத்தில் அவர் முகம் மாறிப் பார்த்தேன். கைக்குழந்தையோடு நின்ற ஒரு சின்னப் பெண் வையவில்லை. மெதுவாகத்தான் சொன்னது.

"நீங்க ஓட்டுக் கேட்டு வந்தப்ப எங்க தெரு முக்கோட திரும்பிட்டீக. உள்ள வரல. மேலத்தெருவுல மட்டும் எல்லா வீட்டுக்கும் போனீக."

அங்கே அவர் 'வேற?' என்று கேட்கவில்லை. அடுத்த தேர்தலுக்கு முதல் வீடாக அந்தப் பெண் வீட்டுக்குத்தான் போனார். அந்தத் தெருவில் பாதிதான் விழுந்தது. அந்தத் தேர்தலும் தோல்விதான். பாதி விழுந்ததைப் பெரிதாக எடுத்துக்கொண்டு, மீதிப் பாதியின் வீட்டுக்கு மறுநாள் காலையில் போனார்.

கட்சி வேறு மாதிரி. தோற்றால் ஆய்வுக் கூட்டம் போடும். மாவட்டம் வரும். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்தைப் பிடித்து உட்காருவார்கள். பணம் விளையாடிவிட்டது என்பார் ஒருவர். கூட்டணிக்காரன் வேலை பார்க்கவில்லை என்பார் இன்னொருவர். கடைசியில் எல்லாரும் ஒரே இடத்துக்கு வருவார்கள். உள்ளடி வேலை. நம்ம ஆளே நம்மைக் கவிழ்த்துவிட்டான். அது யார், பேரைச் சொல்லு. பேர் கிடைத்தால் ஆளை நீக்கிவிட்டு, மனசு ஆறி, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அக்காவிடம் கேட்டால், வீடு வீடாகக் கேட்டதைச் சொல்வார். மடை, எழவு, டீக்கடை என்று வரிசையாகச் சொல்வார்.

"இதெல்லாம் இருக்கட்டும்மா. பேரு?" என்பார் மாவட்டம்.

"ஒவ்வொரு வீட்டுலயும் நம்ம பேருதான்ணே சொன்னாக" என்பார் அக்கா.

அவர் மூன்றாவது தடவை நின்றபோது குழாய் சின்னம் கொடுத்தார்கள். தண்ணீர்க் குழாய். தண்ணீர் இல்லாத சீமைக்கு நல்ல சின்னம் என்று எல்லாருக்கும் சந்தோஷம். வார்டில் பெரும்பாலான ஊர்களுக்கு அவர் நடந்தே போனார். உள்ளே தள்ளி மூன்று சின்ன ஊர்கள் உண்டு. மூன்றுக்கும் ஒரே ரோடு. அங்கே அவரால் ஒரு தடவைதான் போக முடிந்தது. மீதி நாளெல்லாம் அந்த மூன்று ஊருக்கும் நான்தான் மைக்கைக் கட்டிக்கொண்டு போனேன். பத்து நாள். 'குழாய், குழாய்' என்று தொண்டை கட்டக் கத்தினேன். பஸ் வராத ஊர். திரும்பும்போது ஆஸ்பத்திரிக்கு, கடைக்கு என்று கேட்டவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டும் வந்தேன்.

ஓட்டுப் போட்ட அன்று சாயங்காலம் அந்த ரோட்டில் ஆடு பத்திக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். விரலில் மை காயவில்லை.

"ஏப்பா தம்பி, செயிச்சிருவீல்ல?"

"அக்கா செயிச்சிரும் பெரியய்யா."

"எந்த அக்கா? நான் ஒனக்குல்ல குத்துனேன்."

"எனக்கா?"

"பச்சச் சீட்டுல ஆட்டோ போட்டிருந்துச்சே. ஒன் வண்டிதான? அச்சு அசலா இருந்துச்சு. எங்க ஊருல பூராம் ஒனக்குத்தான்."

"பெரியய்யா, நான் கொழாய்ல கத்துனேன்."

"கொழாயா? அதுக்குக் கீழ என்னமோ கொக்கு மாதிரி ஒன்னு இருந்துச்சு. அதுவா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆட்டோ சின்னத்தில் ஒரு சுயேச்சை நின்றிருந்தார். ஜவுளிக்கடைக்காரர். யாரோ நிற்கச் சொன்னார்கள் என்று நின்றவர். அந்த மூன்று ஊரையும் அவர் பார்த்ததுகூடக் கிடையாது.

நான் யாரிடமும் சொல்லவில்லை.

திருச்சுழியில் ஓட்டு எண்ணினார்கள். அந்த மூன்று ஊர்ப் பெட்டிகளைப் பிரித்ததும் ஆட்டோ கட்டுக் கட்டாக வந்தது. மேஜையில் இருந்தவர்களே நிமிர்ந்து பார்த்தார்கள். அதில் பாதி குழாய்க்கு விழுந்திருந்தால் அக்கா கவுன்சிலர். அந்த ஜவுளிக்கடைக்காரர் வெளியே வந்து மரத்தடியில் நின்றார். அவருக்கே ஒன்றும் விளங்கவில்லை.

"எங்க வீட்டுலயே எல்லாரும் போட்டிருக்க மாட்டாக. இம்புட்டு எங்கருந்து வந்துச்சு?" என்றார்.

எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கிவிட்டது. ஒருவன் எனக்குக் கேட்கவே சொன்னான்.

"ஆட்டோக்காரனுக்கு ஆட்டோ சின்னம். புரியுதா? நம்ம மைக்கக் கட்டிக்கிட்டே நம்ம கழுத்த அறுத்திருக்கான். வெல போயிட்டான்லே."

ஞாயிற்றுக்கிழமை மாவட்டம் வருகிறது, நீக்கல் கடிதம் கையோடு வருகிறது என்றார்கள். ஸ்டாண்டில் கட்சி போர்டுதான் இருக்கிறது. கட்சியில் இல்லாதவன் அங்கே வண்டி போட முடியாது. அருப்புக்கோட்டையில் ஸ்டாண்டு இல்லாத ஆட்டோவுக்கு ஓட்டம் கிடையாது. எனக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். நடந்ததைச் சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பினாலும், வண்டியால்தான் தோற்றோம் என்று ஆகும். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு அக்கா வந்தார்.

"தம்பி, வண்டிய எடு."

ஸ்டாண்டில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "இவன் வண்டியிலயாக்கா போறீக?" என்றான் ஒருவன்.

"ஏன், இதுல சக்கரம் இல்லையா?" என்றார்.

மூன்று நாள் சுற்றினோம். மற்ற ஊர்களுக்கெல்லாம் ஓட்டினேன். மூன்றாம் நாள் அந்த மூன்று ஊர் மிச்சம். ரோடு பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினேன்.

"உள்ள ரோடு அரிச்சுப்போச்சுக்கா. வண்டி போகாது."

என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

"சரி. நீ இங்கனயே நில்லு."

நடந்து போனார். உச்சி வெயில். நான் வேலிக்கருவை நிழலில் வண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் தாழ்ந்தபிறகுதான் வந்தார். முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்தார். புடவைக் கரையெல்லாம் ஒட்டுப்புல்.

"என்னக்கா சொன்னாக?"

"நல்லாத்தான் பேசுனாக" என்றார். ஏறி உட்கார்ந்து ஒட்டுப்புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மாவட்டம் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அக்கா எழுந்தார்.

"அந்த மூணு ஊருலயும் நான் கேட்டேன். ஆட்டோவுல குத்துனவுகள்ள ஒருத்தருக்கும் அந்தச் சுயேச்ச யாருன்னு தெரியாது. இந்தத் தம்பி ஓட்டிட்டு வந்த ஆட்டோவுக்குப் போட்டோம்கிறாக."

கூடமே சிரித்தது. மாவட்டமும் சிரித்தார்.

"ஏம்மா, சனம் அம்புட்டு வெவரங் கெட்டதா?"

"வாங்கண்ணே, போய்க் கேப்போம். வண்டி வெளியிலதான் நிக்குது."

சிரிப்பு நின்றுவிட்டது. தோற்ற ஊருக்கு மாவட்டம் போனதாகச் சரித்திரம் இல்லை. எல்லாரும் பார்க்கிறார்கள். அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

அவரும் அக்காவும் என் வண்டியில் ஏறினார்கள். இரண்டு பேர் பைக்கில் பின்னால் வந்தார்கள். பிரிகிற இடத்தில் திருப்பினேன். ரோடு நன்றாகத்தான் இருந்தது. போன வருடம்தான் தார் போட்டது. வண்டி குலுங்காமல் போனது. பின்சீட்டில் அக்கா இருந்தார். நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டதும் ஊர் கூடிவிட்டது. மாவட்டத்தை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. என்னைச் சுற்றி நின்றார்கள்.

"ஏய்யா, தோத்துட்டியாமே?" என்றார் ஒரு அம்மா. "மனச விட்றாத. அடுத்த தடவயும் நில்லு."

"நல்ல புள்ள. எம் மருமகள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது இதுதான்" என்றார் இன்னொருவர்.

"ஏலே, முதல்லயே நம்ம பக்கத்து ஊர்லயும் சொல்லியிருக்கணும்லே. அசால்ட்டா விட்டுட்டோம்" என்று இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

மாவட்டம் வாயைத் திறந்தவர் மூடவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எனக்கு உசிர் வந்தது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த ஆட்டுக்காரப் பெரியவர் வந்தார். மாவட்டத்துக்கு நேரே நின்றுகொண்டு கையை நீட்டிச் சொன்னார்.

"நான் ஓட்டுப் போட்ட அன்னைக்குச் சாயங்காலமே தம்பிகிட்டச் சொன்..."

"பெரியய்யா, அந்தச் செவலக் கெடா ஒங்களுதா?"

அக்காதான். சத்தமாகவே கேட்டார். பெரியவர் திரும்பினார்.

"எந்தக் கெடா? அதுவா? அது எங்க குட்டிதான். அதோட தாய்க்காரி இருக்காளே..."

கிடாயின் தாய், தாயின் தாய், கோமாரி வந்து பிழைத்த கதை என்று கால் மணி நேரம் போனது. அக்கா ம், ம் என்று கேட்டுக்கொண்டு நின்றார். மாவட்டம் கொட்டாவி விட்டார். பெரியவர் விட்ட பேச்சை மறந்தே போனார்.

அத்தனை வீட்டில், அத்தனை வசவில், அவர் ஒருவர் பேச்சுக்குக் குறுக்கே போய் நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் போனார். எனக்கு முன்னாலேயே தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நடந்து போய்விட்டு வந்த அன்றே தெரிந்திருக்கிறது.

திரும்பும்போது மாவட்டம் பேசினார்.

"சரிம்மா. தம்பி மேல தப்பில்ல. கடுதாசியக் கிழிச்சிர்றேன். ஆனா தலைமைக்கு ஒரு காரணம் எழுதணும்ல? ஆட்டோவப் பாத்துக் குத்திட்டாகன்னு எழுதுனா என்னயக் கேலி பண்ணுவாக. ஒரு பேரு வேணும்."

"என் பேர எழுதுங்கண்ணே."

"வெளையாடாதம்மா."

"வெளையாடல. இந்த மூணு ஊருக்கும் நான் வந்தது ஒரு தடவ. இந்தத் தம்பி வந்தது பத்து நாளு. வந்தவுகளுக்குப் போட்டுருக்காக. இதுல வெவரங் கெட்டது யாரு, சனமா நானா? மத்த ஊருகள்ளயும் நாம செயிக்கலையே. அங்க எந்த ஆட்டோ போச்சு?"

மாவட்டம் துண்டை உதறித் தோளில் போட்டார். மண்டபம் வந்ததும் இறங்கினார். எழுதினார். எழுதுவதற்கு அவருக்கு அதுதான் சுளுவு.

இரண்டு வாரத்தில் ஒன்றியத்துக்கு வேறு ஆள் போட்டார்கள். புது ஆளுக்கு மாலை போடும்போது அக்காவும் போய்க் கை தட்டினார் என்று சொன்னார்கள். ஸ்டாண்டில் என் இடம் என் இடமாகவே இருந்தது. எல்லாரும் பழையபடி பேசினார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலையில் அவர் காட்டுக்குப் போனேன். தனியாகப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். மடி கனத்துத் தொங்கியது. என்னைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இந்நேரம்?" என்றார்.

"அக்கா, எனக்கு அன்னைக்கே தெரியும்."

எடுத்த பருத்தியை மடியில் போட்டார். "ஏன் சொல்லல?" என்றார். கேட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

கோபமாக இல்லை. ஓட்டுப் போடாதவர்கள் வீட்டில் எப்படிக் கேட்டாரோ அப்படிக் கேட்டார். ஊரில் அவ்வளவு பேரும் அந்தக் கேள்விக்கு முன்னால் எப்படி நெளிந்தார்கள் என்று பார்த்தவன் நான். இப்போது என் முறை. முதலில் ஸ்டாண்டைச் சொன்னேன். பிள்ளைகளைச் சொன்னேன். அவர் உட்கார்ந்தே இருந்தார். அவன் இவனைச் சொன்னேன். உட்கார்ந்தே இருந்தார். சொல்ல எதுவும் இல்லாமல் போனபிறகுதான் உள்ளே இருந்தது வந்தது.

"நீங்க வைஞ்சிருவீகன்னு பயப்படலக்கா. வையாமக் கேட்டுக்கிருவீக. அத நெனச்சுத்தான் பயந்தேன்."

அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அவ்வளவு பேசினதில்லை.

இப்போது அவர் மகளோடு கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிறார் என்கிறார்கள். கட்சி அதற்கப்புறமும் தோற்றது. மறுநாள் காலையில் எந்த வீட்டுக்கும் யாரும் போகவில்லை. நானாவது போயிருக்கலாம். வண்டியை எடுத்தேன். பாதி ரோடு வரை போனேன். அவரைப் போல ஒரு வாசலில் உட்கார எனக்கு நெஞ்சுரம் போதவில்லை. திரும்பிவிட்டேன்.

அன்றைக்குக் காட்டில், நான் பேசி முடித்தபிறகும் அவர் பதில் என்று எதுவும் சொல்லவில்லை. எழுந்தார். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று தன் பருத்தி நிரையில் குனிந்தார்.

நான் துண்டை இடுப்பில் மடியாகக் கட்டிக்கொண்டு பக்கத்து நிரையைப் பிடித்தேன்.